பழைய வண்டியில் ஆல்டர்னேட்டர் இரைகிறதா? பிரித்துச் சரி செய்வதா, வேறு வாங்கி மாட்டுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 20 வயதைத் தாண்டிய வண்டிகள் இன்னும் தினமும் ஓடுகின்றன. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவின் வழியில் வந்த இஸ்வாரா, 1993-இல் வந்த வீரா, 1994-இல் வந்த கஞ்சில், தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு ஓடும் வேன் என்று இன்றும் பார்க்கலாம். லிந்தாங் சாலைப் பக்கமிருந்து டவுனுக்கு வருகிறவர்களுக்கு இந்த வண்டிகள்தான் கால். ஆகவே பானெட்டுக்குள் 'ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் கிளம்பி, யாராவது எட்டிப் பார்த்துவிட்டு "ஆல்டர்னேட்டர் போச்சு, மாத்திடுங்க" என்று சொன்னால், உடனே பணத்தை எடுத்து நீட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஆல்டர்னேட்டர் என்பது எஞ்சின் பெல்ட்டில் சுற்றி, வண்டிக்கு மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் உறுப்பு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரம் ஒழுங்காக வந்துகொண்டிருக்க, சத்தம் மட்டும் கேட்கிறது என்றால், வண்டியோடு வந்த ஆல்டர்னேட்டரையே பிரித்து, தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கும், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் பிரஷ்ஷும் மாற்றிப் போடுவதுதான் பெரும்பாலும் நல்ல வழி. ஊர் பேர் தெரியாத ஒன்றை மலிவாக வாங்கி மாட்டுவதைவிட அது நீண்ட நாள் உழைக்கும். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

முதலில், சத்தம் எங்கிருந்து வருகிறது?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்று கத்திவிட்டு, கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போனால் அது பெரும்பாலும் பெல்ட். மழை பெய்த மறுநாள் இன்னும் அதிகமாகக் கத்தும். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் உட்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். சத்தம் குறைந்தால் பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகள் ஒரே வரிசையில் இல்லை என்று சந்தேகப்படலாம். சத்தம் கூடினால் பெல்ட் தொய்ந்திருக்கிறது. இரண்டுக்குமே ஆல்டர்னேட்டரை மாற்றத் தேவையில்லை. புல்லியை வரிசைப்படுத்தியோ, பெல்ட்டை இறுக்கியோ, புதிதாகப் போட்டோ முடித்துவிடலாம். பெல்ட் விலையில் முடிய வேண்டிய வேலைக்கு ஆல்டர்னேட்டர் விலை கொடுத்தவர்கள் இந்த ஊரில் உண்டு. அது எனக்கு மனவருத்தம் தருகிற விஷயம்.

பேரிங் சத்தம் வேறு மாதிரி. மாவரைப்பதுபோல் ஒரே சீராக அரைக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் மேலே ஏறும். எஞ்சின் சூடானாலும் அடங்காது. ஆல்டர்னேட்டரின் புல்லி சிறியது என்பதால், எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அது இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும். எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் உள்ளே இருக்கும் பேரிங் 6000-லிருந்து 9000 சுற்றுவரை ஓடுகிறது. இத்தனை ஆண்டுகள் அப்படி ஓடி, உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்துபோனால் சத்தம் வராமல் என்ன செய்யும்?

மூன்றாவது வகைதான் ஏமாற்றக்கூடியது. மெல்லிய ரீங்காரம் கேட்கும். ரேடியோவிலும் அதே ரீங்காரம் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும். இரவில் ஹெட்லைட் லேசாக மினுமினுக்கும். இது, ஆல்டர்னேட்டரின் ஏசி மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் டயோடு கெட்டுப்போனதன் அடையாளம். இதற்குப் பேரிங் மாற்றினால் காசுதான் நஷ்டம்.

பேரிங் சத்தம்தான் என்று தோன்றினாலும் அது ஆல்டர்னேட்டருடைய பேரிங்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாட்டர் பம்ப், ஏர்கோன் பெல்ட்டைத் தாங்கும் ஐட்லர் சக்கரம், பவர் ஸ்டீயரிங் பம்ப் எல்லாவற்றிலும் பேரிங் இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கமாக உட்கார்ந்திருப்பதால் காது குழம்பிவிடும். போர்மேன்கள், அதாவது பட்டறை மெக்கானிக்குகள், நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஒவ்வோர் உறுப்பின் உடம்பிலும் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார்கள். எங்கே சத்தம் பெரிதாகக் கேட்கிறதோ அங்கேதான் கோளாறு. நீங்களே செய்வதானால் துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, தொளதொள சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் உறுதியான வழி பெல்ட்டைக் கழற்றுவது. கழற்றிவிட்டு எஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். பழைய சாகா, வீரா போன்றவற்றில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அதிக நேரம் விடக் கூடாது. சத்தம் நின்றுவிட்டால், எஞ்சினை அணைத்துவிட்டு ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். மணல் சிக்கியதுபோல் நறநறத்தாலோ, புல்லி மேலும் கீழும் ஆடினாலோ சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் ஒரு மல்டிமீட்டர். இதில்லாமல் முடிவு எடுக்கவே கூடாது என்பேன். எஞ்சினை அணைத்து வைத்திருக்கும்போது நல்ல பேட்டரியில் 12.4 முதல் 12.7 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஹெட்லைட், ஏர்கோன், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டாலும் 13-க்குக் கீழே சரியக் கூடாது. பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே பேட்டரி முனைகளில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடில் கோளாறு இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைப் பிடுங்கி 'சார்ஜ் வருகிறதா' என்று பார்க்கும் பழைய பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட் நல்ல டயோடையும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும்.

பிரித்துச் சரி செய்வது

வோல்ட் சரி, சத்தம் மட்டும் பேரிங் என்று தெரிந்துவிட்டால் வயரிங் கடைக்குப் போங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு இப்போது வேண்டாம். ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டரையும் மேசைமேல் வைத்துப் பிரிக்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். தோட்டத்து டவுன்களில் இந்த வேலையை நன்றாகச் செய்யும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் வீராவுக்காகப் போனபோது ஒரு கடையில் இதை முழுசாகப் பார்த்தேன். பெரியவர் புல்லி நட்டைக் கழற்றினார். நீள போல்ட்டுகளை எடுத்தார். பின்மூடி பேரிங்கோடு இறுகியிருந்தது. சுத்தியலைத் தொடவே இல்லை. மூடியைச் சூடுகாட்டி, அது விரிந்து கொடுத்ததும் மெல்ல இழுத்தார். மிட்சுபிஷி வகைகள் பலவற்றில் இப்படித்தான் செய்ய வேண்டும். அடித்துக் கழற்றினால் அலுமினிய மூடி விரிசல் விட்டுவிடும். பிறகு பழைய பேரிங்கை அக்காவின் கையில் கொடுத்து, "சுத்திப் பாருங்கம்மா" என்றார். அக்கா விரலில் அது தட்டித் தட்டி நின்றது. ஓரத்தில் கிரீஸ் தூளாகிப் பழுப்பு நிறத்தில் உதிர்ந்தது. புது பிரஷ்ஷைப் பழையதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையது பாதி உயரம்கூட இல்லை. சத்தம் வராமல் இருந்திருந்தால் சில மாதத்தில் பிரஷ் தேய்ந்து சார்ஜே நின்றிருக்கும்.

உள்ளே சுழலும் பகுதியான ரோட்டரின் இரண்டு செப்பு வளையங்களுக்கு நடுவே மீட்டரை வைத்துப் பார்த்தார். இரண்டு முதல் ஐந்து ஓமுக்குள் இருந்தால் அதன் செப்புக் கம்பிச் சுருளான காயில் நன்றாக இருக்கிறது. வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே இணைப்பே காட்டக் கூடாது. செப்பு வளையத்தில் ஆழமான பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். கடைசியில் எல்லாவற்றையும் சேர்க்கும்போது, பிரஷ்ஷை உள்ளே அழுத்திப் பிடிக்கப் பின்பக்க ஓட்டையில் ஒரு மெல்லிய கம்பியைச் செருகியிருந்தார். மூடியை இறுக்கியதும் கம்பியை உருவினார். 'டக்' என்று பிரஷ் வளையத்தின்மேல் போய் உட்கார்ந்த சத்தம் கேட்டது. வேலை தெரிந்தவர் யார் என்று அடையாளம் காண இந்தக் கம்பி ஒன்றே போதும்.

இந்த வழியில் கிடைக்கும் பெரிய லாபம் என்னவென்றால், உங்கள் வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்த உடம்பும் காயிலும் உங்களிடமே இருக்கும். போல்ட் ஓட்டை சரியாகப் பொருந்தும், புல்லி வரிசை மாறாது, வயர் சாக்கெட்டை வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. செலவும் குறைவு. இரண்டு பேரிங்கும் பிரஷ்ஷும் சேர்ந்தே சில பத்து ரிங்கிட்டில் முடிந்துவிடும், கூலிதான் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

ஆனால் பேரிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய பேரிங்கின் ஓரத்தில் 6303, 6202 என்பதுபோல் எண் அடித்திருக்கும். 6303 என்றால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47. அதே எண்ணில், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாக, சூட்டில் விரிய உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி விட்ட சி3 வகையாகக் கேளுங்கள். என்எஸ்கே, என்டிஎன், கோயோ, நாச்சி என்று ஜப்பான் பெயர்கள் உண்டு. அவற்றின் பெயரில் போலியும் உலவுகிறது என்பதால், பேரிங் விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் கடையில் பாக்கெட் பிரிக்காததாக வாங்கிக் கொடுங்கள். முன் பேரிங் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒருமுறை பிரித்த கூலிக்கு இரண்டு வேலை நடக்கட்டும்.

குறை என்ன? நேரம். கழற்றி, பிரித்து, மாட்டுவதற்குள் அரை நாள் போய்விடும். கடையில் ஆள் கூட்டமிருந்தால் மறுநாள் ஆகும். பள்ளி வேன் ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம். விடுமுறை நாளாகப் பார்த்துக் கொண்டுபோங்கள்.

ரீகோன், ஹாஃப் கட், புதுசு

ரீகோன் என்பது வேறு யாரோ கொடுத்துவிட்டுப்போன பழையதைச் சரி செய்து விற்பது. உங்கள் பழையதை அவர்கள் எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் குறைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் வண்டி ரெடி. அவசரத்துக்கு இதைவிட நல்ல வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிக்கல் எங்கே வருகிறதென்றால், 'ரீகோன்' என்று சொல்வதற்குள் எல்லாமே அடங்கிவிடும். ஒருவர் பேரிங், பிரஷ், டயோடு, ரெகுலேட்டர் எல்லாம் மாற்றியிருப்பார். இன்னொருவர் கெட்டதை மட்டும் மாற்றிவிட்டு வெள்ளிப் பெயிண்ட் அடித்திருப்பார். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். "அண்ணே, இதில் என்னென்ன மாத்தினீங்க?" என்று கேளுங்கள். தயங்காமல் ஒவ்வொன்றாகச் சொல்கிறவரிடம் வாங்கலாம். கையில் எடுத்துப் புல்லியைச் சுற்றிப் பாருங்கள். இன்னொன்றையும் மறக்காதீர்கள். நீங்கள் கொடுத்துவிட்டு வருவது உங்கள் வண்டியோடு வந்த அசல் உடம்பு. காயில் நன்றாக இருக்கும் நிலையில் அதைக் கொடுத்துவிட்டு, எத்தனை முறை பிரித்தது என்றே தெரியாத ஒன்றை வாங்கி வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஹாஃப் கட் கடையில் ஜப்பானிலிருந்து வெட்டி வந்த வண்டிகளின் உறுப்புகள் கிடைக்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பக்கம்தான், தூரமில்லை. வீராவுக்கு மிட்சுபிஷி லேன்சருடைய ஆல்டர்னேட்டர் பல நேரம் பொருந்திவிடும். தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதுவும் உங்கள் வண்டி வயதுதான். அதன் பேரிங்கும் அத்தனை ஆண்டு கிரீஸோடுதான் இருக்கிறது. ஆகவே என் யோசனை: உங்கள் ஆல்டர்னேட்டரின் காயில் எரிந்துபோய்ப் பிரித்தும் பயனில்லை என்ற நிலையில், ஹாஃப் கட் ஒன்றை வாங்கி, மாட்டுவதற்கு முன்னாலேயே அதே வயரிங் கடைப் பெரியவரிடம் கொடுத்துப் பேரிங்கும் பிரஷ்ஷும் மாற்றிவிடுங்கள். செலவு கூட்டிப் பார்த்தால் ரீகோனுக்குப் பக்கத்தில் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிராண்டே இல்லாத புது ஆல்டர்னேட்டர் மலிவாகக் கிடைக்கிறது. பளபளப்பாக இருக்கும். எஞ்சின் ஐட்லில் நிற்கும்போது போதுமான மின்சாரம் தருகிறதா என்பதுதான் கேள்வி. சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கினால் புரிந்துவிடும். போல்ட் காது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் புல்லி வரிசை விலகி, பெல்ட் கத்த ஆரம்பிக்கும். சத்தத்துக்குத் தீர்வு தேடிப் போய் வேறொரு சத்தத்தை வாங்கி வந்த கதையாகிவிடும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அசல் புதுசு என்றால் சந்தேகமில்லாமல் நல்லது. விலை நூற்றுக்கணக்கில் போகும். வண்டியை இன்னும் பத்து ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள், கையில் பணமும் இருக்கிறது என்றால் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் பழையதன் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியரைப் பார்த்து அதே அளவோ, சற்று அதிகமோ எடுங்கள். குறைவாக எடுக்கவே வேண்டாம். 55 வாட் ஹெட்லைட் இரண்டு என்றால் 110 வாட், 14 வோல்ட்டில் அதற்கு மட்டும் ஏறக்குறைய 8 ஆம்பியர் போய்விடும். ஏர்கோன், ரேடியேட்டர் ஃபேன், வைப்பர், பாட்டுக்குப் போட்ட ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அதற்கு மேலே. புல்லியில் பள்ளம் எத்தனை என்பதையும் எண்ணிப் பாருங்கள். பழைய வி-பெல்ட்டும் நான்கைந்து கோடு உள்ள பெல்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

எப்போது பிரிக்க வேண்டாம்

தண்டு பேரிங்குக்குள் தேய்ந்துபோய் ஆடினால், மூடியில் பேரிங் உட்காரும் குழி அகன்றிருந்தால், ரோட்டர் உள்ளே காயிலில் உரசிக் கோடு போட்டிருந்தால், காயில் கறுத்து எரிந்த வாசம் வீசினால் பிரித்துச் செலவு செய்யாதீர்கள். புது பேரிங் போட்டாலும் குழி அகன்ற மூடியில் அது நிலைக்காது. பேரிங்கோடு டயோடும் ரெகுலேட்டரும் சேர்ந்து போயிருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தச் செலவு, உத்தரவாதத்தோடு கிடைக்கும் ஒரு நல்ல ரீகோன் விலையில் பாதியைத் தாண்டினால் ரீகோன் பக்கம் போய்விடலாம் என்பது நான் பிடித்துக்கொள்ளும் அளவு.

டீசல் வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய ஹைலக்ஸ், இசுசு போன்ற டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே ஒரு வேக்கம் பம்ப் ஒட்டியிருக்கும். பிரேக் மிதிக்கும்போது கால் பாரத்தைக் குறைப்பது அந்தப் பம்ப் தரும் வேக்கம்தான். அதற்கு எஞ்சின் எண்ணெய்க் குழாயும் வந்து சேரும். எண்ணெய் சீல் சரியாக உட்காராவிட்டால் எண்ணெய் காயிலுக்குள் போய்விடும். பம்ப் சரியில்லையென்றால் பிரேக் கல்லாகிவிடும். செம்மண் இறக்கத்தில் பழக்குலை ஏற்றிக்கொண்டு வரும் வண்டியில் இதை வைத்துச் சோதனை செய்யக் கூடாது. இந்த வகையைத் தெரிந்தவர் கையில் மட்டும் கொடுங்கள். அப்படி ஒருவர் ஊரில் இல்லையென்றால் உத்தரவாதம் உள்ளதை வாங்குங்கள்.

தள்ளிப்போட்டால்?

"சத்தம்தானே, ஓடட்டும்" என்று சொல்கிறவர்கள் நிறைய. பேரிங் ஒருநாள் இறுகி நின்றுவிடும். பெல்ட் கருகி அறுந்துபோகும். அதே பெல்ட்டில் வாட்டர் பம்ப் சுற்றும் வண்டியானால் எஞ்சின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் வரை செலவு இழுக்கும். பெல்ட் அறாமல் சார்ஜ் மட்டும் நின்றால்கூட நிலைமை சுலபமில்லை. சிறிய வண்டிகளில் பரவலாக இருக்கும் என்எஸ்40இசட்எல் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. மழை இரவில் லைட், வைப்பர், புளோவர், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஏட்டுக் கணக்குப்படி ஒன்றரை மணி நேரம். பழைய பேட்டரியில் அதில் பாதி வந்தாலே அதிர்ஷ்டம். செம்பனை மரங்களுக்கு நடுவே போன் லைன் கிடைக்காத இடத்தில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிற நிலை யாருக்கும் வரக் கூடாது. சத்தம் கேட்ட வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். என்ன மாற்றினார்கள், எத்தனை மாதம் உத்தரவாதம் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கும் சேவைக்கும் பொருந்தும். கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு கொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. கையில் ரசீது இருந்தால் உங்கள் பக்கம் பலம்.

மாட்டும் நாளில் இரண்டு விஷயம். மேலே வால்வ் கவர் கேஸ்கெட்டிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் அதையும் அன்றே மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது பிரஷ்ஷை எண்ணெய் ஊறவைத்துவிடும். பெல்ட்டை இரும்புக் கம்பிபோல் இறுக்க விடாதீர்கள். அளவுக்கு மீறி இறுக்கிய பெல்ட்தான் பல பேரிங்குகளைக் கொன்றிருக்கிறது. இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போக வேண்டும். புது பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இளகும், அப்போது ஒருமுறை கடைக்குப் போய் இறுக்கம் பார்த்து, மீட்டரிலும் வோல்ட் பார்த்துவிட்டு வாருங்கள்.